காற்று தப்பான காதில் அடித்த இரவு

ஸ்ரீ

சதாசிவ் பேட்டை, புணே
அமாவாசை கழிந்த செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி குமுதினி அண்ணி அவர்களின் சமூகத்துக்கு, வாமன் தேவஸ்தளி பணிவான நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அதன் விவரம் பின்னால் வரும். அங்கு அனைவரின் சௌக்கியத்தையும் விசாரிப்பது முறை. ஆனால் தங்கள் வீடு இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறது, இன்று காலைதான் பால் வாங்கும் இடத்தில் தங்களைப் பார்த்தேன், தாங்கள் புருவத்தை உயர்த்தினீர்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் கையால் ஜாடை காட்டினேன். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இரண்டு சந்து தள்ளி இருப்பவருக்குத் தபாலில் கடிதமா என்று என் மனைவி கேட்கிறாள். தாங்கள் கேட்டுக்கொண்டபடிதான் இதைச் செய்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் தங்கள் உத்தரவு. அன்று வாசல் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு தாங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வாமன்ராவ், போன்ல வேண்டாம். நான் போனைத் தொட்டாலே இவர் பக்கத்துல வந்து நின்னு யாரு யாருன்னு கேக்குறார். எழுதிக் குடுங்க. ஒரு ராத்திரி முழுக்க இவர் கூடவே இருந்து பாருங்க, உள்ளதை உள்ளபடி எழுதுங்க, சிநேகிதர்னு பூசி மெழுகாதீங்க. சங்கராந்திக்கு பையன் நிகேத் வர்றான். வீட்டை வித்துட்டு பெங்களூருக்கு வந்துடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" முப்பது வருடம் பள்ளிக்கூடங்களைச் சோதித்து அறிக்கை எழுதியவன் நான். என் அறிக்கையைப் படித்துவிட்டு அழாத தலைமையாசிரியர் இந்த மாவட்டத்தில் குறைவு. ஆனால் தங்கள் கணவர், என் சிநேகிதன் நானாவைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை. பேனாவை எடுத்து நான்கு நாளாகிறது, இன்றுதான் மை இறங்குகிறது.

முதலில் பயண ஏற்பாடு. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நாங்கள் நால்வரும் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு ராத்திரி தோர்லா கோட்டையில் தங்குவது தாங்கள் அறிந்ததே. நானா, நான், கோட்டைகளைப் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுத்து இந்தக் கோட்டையைப் பற்றிப் புத்தகமும் எழுதிய ஸப்னிஸ், டெலிபோன் இலாகாவில் இன்ஜினியராக இருந்த தாம்லே. ஒரே மலை, நடுவில் ஒரு கணவாய், கணவாயின் ஒரு பக்கம் மூத்த கோட்டையான தோர்லா, மறு பக்கம் இளைய கோட்டையான தாக்டா. தாக்டாவுக்கு யாரும் போவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் போவார்கள். நாங்கள் எப்போதும் உம்பர்வாடி கிராமத்திலிருந்து ஏறுவோம், கணவாயில் செந்தூரம் பூசிய ஒரு கல் இருக்கும், அதைக் கும்பிட்டுவிட்டு இடது கைப் பக்கம் திரும்புவோம். இத்தனை வருடமும் இடது கைப் பக்கம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இடது கைப் பக்கம் என்றுதான் சொல்வோம். இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும் என்று தாங்கள் கண்டிப்பாகச் சொன்னதால், தாம்லே மலையைச் சுற்றிக்கொண்டு புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு வழியாக ஜாம்பள்வாடிக்குக் காரை விட்டான். அங்கிருந்து கணவாய் கிட்டத்தில்தான். பௌர்ணமியில் போவதுதான் வழக்கம், ஆனால் நானாவுக்கு டாக்டரிடம் நாள் குறித்திருந்ததால் அமாவாசையை ஒட்டித்தான் போக முடிந்தது. தாங்கள் நானாவைத் தயார்செய்து அனுப்பிய கோலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, வேளைக்கு ஒரு அறை வைத்த மாத்திரை டப்பா, சட்டைக்குள்ளே கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை. காரில் ஏறியதும் அதை வெளியே எடுத்து எங்களிடம் காட்டினான். "பாருங்கடா, என்னைப் பார்சல் பண்ணிட்டா. தபால்தலை ஒண்ணுதான் பாக்கி." நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவன் அட்டையை வாசித்துப் பார்த்து, "நம்பர் சரியாத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லி உள்ளே போட்டுக்கொண்டான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜாம்பள்வாடியில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள், "பெரிய கோட்டைக்கா, சின்னதுக்கா? வழி காட்ட ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். கேட்டது ஸப்னிஸிடம். புத்தகம் எழுதியவனிடம் வழி தெரியுமா என்று கேட்டால் என்ன ஆகும்? டீ ஆறும்வரை அந்த அம்மாளுக்கு அவள் ஊர்க் கோட்டையின் வரலாற்றைச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான் அண்ணா, கல்லுகிட்ட பார்த்துத் திரும்புங்க" என்றாள். ஸப்னிஸ் புன்னகை செய்தான். அவன் மாணவர்கள் தப்பான பதில் சொல்லும்போது செய்வானாம், அந்தப் புன்னகை.

இருட்டும் நேரத்தில் கணவாய்க்கு வந்தோம். செந்தூரக் கல் இருந்தது. கும்பிட்டோம். இடது கைப் பக்கம் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் நானா நின்றுவிட்டான். குல்லாவைக் கழற்றினான். தாங்கள் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தீர்கள், கழற்றினான்.

"வாமன், காத்து தப்பான காதுல அடிக்குதுடா."

"என்னப்பா?"

"நம்ம கோட்டைக்கு ஏறும்போது வலது காதுல தான குளிரும். இப்ப இடது காது விறைச்சுப் போகுது. இது தாக்டா. நாம தப்பா வந்துட்டோம்."

அண்ணி, நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நானா சாப்பாட்டு மேசையில் ஏதாவது சொல்லும்போது தாங்களும் நிகேத்தும் பார்த்துக்கொள்வீர்களே, அதே பார்வைதான். தாம்லே அவன் தோளில் கைபோட்டு, செவிடனிடம் பேசுவது போல உரக்கச் சொன்னான்: "நானா! இது! நம்ம! கோட்டைதான்!"

"கத்தாதடா. காது நல்லா கேக்குது. அதனாலதான சொல்றேன்."

"ஆமா ஆமா, நீ சொல்றது சரிதான்," என்று நான் சொன்னேன். "முதல்ல குல்லாவைப் போட்டுக்கோ." என் வாழ்நாளில் எத்தனையோ முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான், குல்லாவைப் போட்டுக்கொண்டான், பேசாமல் ஏறினான். முதல் அறிகுறி: திசைக் குழப்பம் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மேலே போனதும் நாங்கள் வழக்கமாகத் தங்கும் கோயில் இருந்தது. கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. கூரை விழுந்திருக்கும், திரும்பக் கட்டியவர்கள் காசை அடித்துக்கொண்டு சின்னதாகக் கட்டியிருப்பார்கள் என்றான் தாம்லே. வாசலில் இருந்த பீரங்கியைக் காணவில்லை. ஏதோ அமைச்சர் வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் என்றான் ஸப்னிஸ். கோயிலின் பின்னால் பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும், அதைக் காணவில்லை, தொல்பொருள் இலாகா மூடிவிட்டது என்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவு செய்து அந்த இலாகாவைக் கொஞ்ச நேரம் திட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அந்தத் தொட்டி எனக்குத் தெரியும் என்று சொல்லி, டார்ச்சைக்கூட வாங்காமல், இருட்டில் விறுவிறுவென்று நடந்து போனேன். ஒரு கல் நந்தியின் மீது முழங்காலால் மோதி விழுந்தேன். முழங்கால் விவரம் என்று மேலே சொன்னது இதுதான்.

"நம்ம கோட்டையில நந்தி ஏது?" என்று கேட்டான் நானா, என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டே.

"புதுசா வச்சிருக்காங்க," என்றான் தாம்லே. டார்ச் அடித்துப் பார்த்தோம். அதன் மூக்கு தேய்ந்து, ஒரு காது உடைந்து, முதுகில் பாசி படிந்து, நாங்கள் நால்வரும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "எங்கிருந்தாவது கொண்டுவந்து வச்சிருப்பாங்க," என்று திருத்திக்கொண்டான் தாம்லே. அவனுடைய போன் வரைபடத்தைக் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சிக்னல் இல்லை. டெலிபோன் இலாகாவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன் என்பதால், சிக்னல் இல்லாததற்குக் காரணத்தை மட்டும் வெகுநேரம் விளக்கினான்.

அதன் பிறகு ஸப்னிஸின் பிரசங்கம். வருடாவருடம் நடக்கும், தப்பாது. ஒரு விளிம்பில் எங்களை நிறுத்தி, எதிரி சூழ்ந்துகொண்டபோது கோட்டைத் தலைவன் குதிரையோடு இங்கேயிருந்துதான் பாய்ந்தான், கீழே அதலபாதாளம், உடல்கூடக் கிடைக்கவில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னான். இருட்டில் கீழே ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாம்லே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானா மட்டும் ஒரு கூழாங்கல்லை எடுத்து விளிம்புக்கு அப்பால் போட்டான். உடனே டக்கென்று சத்தம் கேட்டது. "சீக்கிரமே விழுந்துடுச்சே," என்றான். நாங்கள் கேட்காதது போல இருந்துவிட்டோம்.

இனி எழுதப் போவதையும் தாங்கள் உள்ளபடி எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். மேலே கிச்சடி சமைப்போம், ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவருவோம், அரிசி ஸப்னிஸ், பருப்பு நான், பாத்திரமும் வெங்காயமும் தாம்லே, உப்பு நானா. இந்த வருடம் உப்பை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். நானா ஸ்வெட்டர் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகக் கொண்டுவந்திருந்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் போட்டான். கொஞ்ச நேரம் எங்களோடு பேசினான். திரும்பி, "உப்பு போடணுமே" என்று சொல்லிப் போட்டான். மறுபடி பேசினான். மறுபடி போட்டான். மூன்றாவது தடவை நான் கையை நீட்டித் தடுக்கப் போனேன், தாம்லே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிச்சடியை வாயில் வைக்க முடியவில்லை. தொட்டி இல்லாததால் பாட்டில்களில் இருந்த தண்ணீரும் சமையலுக்கே போய்விட்டது. நாங்கள் மூவரும் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தோம். நானா ஒரு வாய் வைத்தான், துப்பினான்.

"யாருடா இவ்வளவு உப்பைக் கொட்டினது?"

தாம்லே கையைத் தூக்கினான். "நான்தான் நானா. கை தவறிடுச்சு."

"கை தவறிடுச்சா? உனக்குக் கையா அது, கரண்டியா? ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு? வயசாயிடுச்சுடா தாம்லே. வீட்டுல சொல்லி டாக்டர்கிட்ட காட்டு." தூங்கும்வரை அவனைத் திட்டித் தீர்த்தான். தாம்லே தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். டெலிபோன் இலாகாவில் மேலதிகாரிகளையே எதிர்த்துப் பேசி மூன்று முறை இடமாற்றம் வாங்கியவன், அண்ணி, அன்றைக்கு உப்புக் கிச்சடியைத் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உப்பு ஒரு காரணம்.

தாகத்தில் விடியும்வரை சரியாகத் தூங்கவில்லை. கண் விழித்தபோது நானா ஏற்கெனவே எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். சூரியன் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் சூரியோதயம் பார்க்க வருகிற இடத்தில் இது என்ன உட்காருதல் என்று நான் அதையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளப் போனேன். அதற்குள் மூடுபனி விலகியது. கணவாய்க்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே, வெயில் பட்டுச் செக்கச்செவேலென்று, உடைந்த கொத்தளமும் கோயிலும் வாசலில் பீரங்கியுமாக எங்கள் தோர்லா கோட்டை நின்றுகொண்டிருந்தது. அதன் உச்சியில் ஏதோ கல்லூரிப் பிள்ளைகள் காவிக் கொடியை ஆட்டிக்கொண்டு 'ஹர ஹர மஹாதேவ்' என்று கத்தினார்கள். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மலையின் மறுபக்கத்திலிருந்து வந்தால் இடது கை வலது கையாகிவிடும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். அதைச் சரியாக நடத்தவில்லை என்று எத்தனை வாத்தியார்களுக்கு நான் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறேன்! ஸப்னிஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே இருப்பதுதான் தாக்டா, நாம் இருப்பதுதான் தோர்லா, காலை வெளிச்சத்தில் அப்படித் தோன்றுகிறது என்று வெகுநேரம் வாதாடினான். நானா எழுந்து அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். "நேத்து குதிரையோட ஒருத்தன் பாய்ஞ்சான்னியே, அந்த இடத்துல எட்டிப் பாரு." எட்டிப் பார்த்தோம். அதலபாதாளம் என் இடுப்பளவு இருந்தது. அதில் நான்கைந்து ஆட்டுக்குட்டிகள் ஏறுவதும் குதிப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தன. ஸப்னிஸ் அதன் பிறகு கார்வரை பேசவில்லை. இந்தப் பகுதி அவன் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நானா எங்களைக் கேலி செய்யவில்லை. "வந்தது வந்துட்டோம், இதையும்தான் பார்த்த மாதிரி ஆச்சு" என்று மட்டும் சொன்னான். இறங்கும்போது என் கையைப் பிடித்து, முழங்காலைப் பார்த்து நடக்கச் சொன்னான். அப்போது மெதுவாகக் கேட்டான்: "ராத்திரி நான் சொன்னப்ப ஏண்டா ஒருத்தனும் நின்னுகூட பார்க்கல?" நான் முழங்கால் வலிப்பதாகச் சொன்னேன். அவன் சொன்னது சரியா தப்பா என்று ஒரு நிமிடம் நின்று காதைத் திருப்பிப் பார்த்திருந்தாலே எங்களுக்கும் தெரிந்திருக்கும். சொன்னது யார் என்று மட்டும் பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணி. அதனால்தான் நான்கு நாளாக எழுதவில்லை.

சோதனையின் முடிவு வருமாறு. சோதிக்கப்பட்ட நால்வரில் தேறியவன் ஒருவன். மற்ற மூவரையும் வேண்டுமானால் பெங்களூருக்கு அனுப்பலாம். நானாவுக்கு மறதி இருக்கிறது, உப்பு விஷயத்தை நான் மறைக்கவில்லை, அது கூடிக்கொண்டேதான் போகும் என்றும் தெரியும். ஆனால் இந்தப் பேட்டையில் அவன் சந்து மாறித் திரும்பினால் பூக்காரி, "நானா, வீடு அந்தப் பக்கம்" என்கிறாள். இரண்டாவது தடவை டீக்குப் போனால் கடைக்காரன், "இப்பத்தான் குடிச்சீங்க, இருந்தாலும் உட்காருங்க" என்கிறான். பெங்களூரில் பதினெட்டாவது மாடியில் லிஃப்டா அவனிடம் அப்படிச் சொல்லப் போகிறது? காலையில் ஸப்னிஸ், மாலையில் நான், ஞாயிறு முழுக்கத் தாம்லே என்று பேசி வைத்திருக்கிறோம். தங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நிகேத்திடம் இங்கேயே இருக்கிறோம் என்று சொல்லுங்கள். காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்று தெரிந்தவனை இடம் பெயர்க்கக்கூடாது என்பது என் தாழ்மையான பரிந்துரை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம் என்று முடிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் பெரியவர்கள் நாம்தான். ஆகவே தங்களுக்கே மறுபடி நமஸ்காரம், நிகேத்துக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம், சங்கராந்திக்கு எள்ளுருண்டை வாங்கிக்கொள்ள நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள
வாமன் தேவஸ்தளி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நானா வந்தான். மாலை டீக்கு வழக்கமாக வருவது. நான் பால் எடுக்க உள்ளே போன நேரத்தில் மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டான், நல்லவேளை அது ஸப்னிஸும் ஆட்டுக்குட்டியும் இருந்த தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எப்படா போனீங்க? என்னை ஏண்டா கூப்பிடல?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. வருத்தப்பட்டிருந்தான்.

கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன் அண்ணி, கிழிக்கவில்லை. மேலே எழுதியதும் நடந்தது, இதுவும் நடந்தது. இரண்டையும் வைத்துத் தாங்களே முடிவு செய்யுங்கள். அவனிடம் நான், "இன்னும் போகலடா, வர்ற சனிக்கிழமைதான் போறோம், நீ இல்லாம போவோமா?" என்று சொன்னேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, வாசல்வரை போனவன் திரும்பி வந்து சொன்னான்:

"அப்ப உப்பு நான் கொண்டுவர்றேன். தாம்லே கையில மட்டும் குடுத்துடாதீங்க."